புத்திர சோகமும் போலிச் சித்தாந்தமும்

வினைக்கோட்பாடு சைவசித்தாந்தத்தின் உயிர்நிலைகளுள் ஒன்று. அதனை மறுப்பார் சைவராகார். மருந்தாக ஓதப்பட்ட அதனை நஞ்சாக்கிப் பிறர்க்கு ஊட்டுவாரும் சைவராகார் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். மகவை இழந்து மார்பில் அறைந்துகொண்டு கிடக்கும் தாயின் முன்னர்ச் சென்று, "எல்லாம் வினைப்பயன் அம்மா, முற்பிறப்பில் யார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாயோ, இனி அழுது ஆவதென்ன?" என்று கூறிவிட்டு, அரியதோர் உபதேசஞ் செய்துவிட்டதாக எண்ணித் திரும்பும் ஒரு கூட்டத்தார் இந்நாட்டில் மலிந்துள்ளனர். நெற்றியில் திருநீறும் கழுத்தில் உருத்திராக்கமும் விளங்க நிற்பார் வாயினின்று அச்சொல் பிறத்தலின், கேட்போர் அதனையே சித்தாந்தமென்று மயங்குகின்றனர். அத்தாயோ, மகவை இழந்ததோடு சிவபெருமானையும் இழந்தவளாய், அன்று முதல் கோயில் வாயிலை மிதியாதொழிகின்றாள். ஒரு சொல்லால் இரண்டு இழப்பு நேர்ந்தது. முன்னையதற்குக் கூற்றுவன் காரணன். பின்னையதற்குக் காரணர் யாவர் என்பதைச் சைவ நன்மக்கள் ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு இக்காலத்து மிகுந்த இடந்தருவது காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்பூதூர் முதல் ஒரகடம் வரை விரிந்துகிடக்கும் தொழிற்சாலைப் பகுதியாகும். ஏரியும் வயலுமாயிருந்த அந்நிலத்தில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010இல் ஒரகடத்திலும் மோட்டார்க் கார் செய்யும் பேராலைகள் உற்பத்தியைத் தொடங்கின. இடையே 2006இல் திருப்பெரும்பூதூர்ப் பக்கத்தில் கைபேசி செய்யும் ஆலை எழுந்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா பீகார் முதலிய வடநாடுகளிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்களும் பல்லாயிரவராக அங்கு வந்து உழைக்கின்றனர். வல்லம் வடகாலில் 2024ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பெண்தொழிலாளர் உறைவிடம் ஒன்று மட்டுமே 18,720 பேர் தங்குதற்கு அமைந்ததெனின், எத்துணைத் தாயர் தம் மக்களைத் தொலைவில் விடுத்துக் கைபேசி மணியோசையை எதிர்நோக்கி ஊரிலிருக்கின்றனர் என்பது உய்த்துணரப்படும்.

அவ்வோசை சிலர்க்கு இடியோசையாகின்றது. சிங்கப்பெருமாள் கோயிலினின்று ஒரகடத்தின் வழியாகத் திருப்பெரும்பூதூர்க்குச் செல்லும் சாலையில் பார வண்டிகளும் தொழிலாளர் பேருந்துகளும் இரவு பகலாக ஓடுகின்றன. இரவு முறை முடித்து உறக்கக் கண்ணோடு இருசக்கர வண்டியில் வருவார் அவற்றினிடையே செல்கின்றனர். ஆலையினுள்ளும் இடர் இல்லாமலில்லை. 2010ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் இறுதியில், திருப்பெரும்பூதூர்ப் பக்கத்துக் கைபேசித் தொழிற்சாலையில் பணிபுரிந்த இளம்பெண் ஒருத்தி எந்திரத்திற் சிக்குண்டு உயிர்துறந்தாள். உழைத்து வீட்டைத் தாங்கச் சென்ற மகள் பிணவண்டியில் மீளுங்கால், வாயிலில் நிற்கும் பெற்றோர்க்குச் சைவம் என்ன சொல்லும்? "உன் பாவம்" என்று சொல்லுமோ? சொல்லுமெனின் அது சைவமன்று என்பதற்கு வேற்றூர்ச் சான்று தேடவேண்டுவதில்லை. இத்தொழிற்பகுதிக்குக் கிழக்கே அணித்தாகவுள்ள குன்றத்தூரே சேக்கிழார் பெருமான் அவதரித்த திருவூர். பன்னிரண்டாந் திருமுறையாகிய அவர்தம் திருத்தொண்டர் புராணமே இவ்வழக்கிற்குத் தீர்ப்புரைக்கும்.

போலிச் சித்தாந்திகள் கூறுவன மூன்று. பிள்ளையின் சாக்காடு பெற்றோர் செய்த பாவத்தின் பயன் என்பது ஒன்று. பாசத்தால் அழுதல் அஞ்ஞானம், மெய்யடியார் அழார் என்பது மற்றொன்று. ஊழால் நேர்ந்ததற்கு யாரையும் குறைகூறலாகாது என்பது பிறிதொன்று. இவற்றை முறையே ஆய்வாம் எனின், முதலாவது நூலறிவின்மையாலும், இரண்டாவது அடியார் வரலாறு அறியாமையாலும், மூன்றாவது அறநெறி அறியாமையாலும் வந்தன என்பது விளங்கும்.

முதற்கூற்றுடையார் சிவஞான சித்தியாரைத் துணைக்கழைப்பர். இழப்பும் இறப்பும் உள்ளிட்ட ஆறும் உயிர் கருவில் வரும்பொழுதே அமைந்தன என்று அந்நூல் கூறவில்லையோ என்பர். கூறிற்று; யாவர் மறுத்தார்? ஆயின் அங்ஙனம் அமைந்தது அவ்வுயிரின் பிராரத்தம். மகளுயிரின் வாழ்நாளெல்லை மகளுயிரின் வினைபற்றி வந்ததாயின், அதனைத் தாயின் பாவமென்று எக்கணக்கிற் பற்றெழுதுவது? ஓருயிரின் வினையை மற்றோருயிர் நுகருமென்பது சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று. தாய் நுகரும் துன்பம் தாயின் வினைபற்றியது எனின், அதுவும் இன்ன பிறப்பிற் செய்த இன்ன செயலின் பயன் என்று துணிந்துரைக்க வல்லார் யாவர்? வினை சடம், அது தன்பயனைத் தானே சென்று பொருத்தமாட்டாது, செய்தானையும் செய்வினையும் அதன் பயனையும் அறிந்து கூட்டுவான் ஒருவன் வேண்டும், அவன் முற்றுணர்வுடைய முதல்வன் என்பதன்றோ சைவர் பிற சமயத்தாரை மறுத்து நிறுத்திய கொள்கை? அங்ஙனமாக, அம்முதல்வனுக்கே உரிய கணக்கேட்டைத் துக்க வீட்டின் திண்ணையிலிருந்து படிக்கத் தொடங்குவோர் தம்மை யாராக எண்ணினர்? முற்றுணர்வு தமக்கும் உண்டென்னும் இச்செருக்கினும் பெரிய ஆணவம் பிறிதில்லை.

இன்னும் ஒன்று. வினைப்பயனை ஊட்டும் இறைவனைச் சித்தியார் மருத்துவனோடு ஒப்பிட்டுரைக்கும். சில நோய்களை அறுத்துத் தீர்ப்பான். சிலவற்றை இனிய மருந்தூட்டித் தீர்ப்பான். இரண்டும் அருளே என்பது அதன் கருத்து. நன்று. அறுக்கும் உரிமை மருத்துவனுக்கு உரியது. அறுத்த புண்ணை வழிப்போக்கன் ஒருவன் வந்து விரலாற் குடைந்து, "மருத்துவன் அறுத்தது உன் நன்மைக்கே" என்பானாயின் அவனை மருத்துவனென்று கொள்வாருமுளரோ? தனக்கு வந்த துன்பத்தைத் தன் வினையென்று ஒருவன் தானே எண்ணி, அதனால் தன்முனைப்பு அடங்கித் திருவடியைச் சார்தல் ஞானம். பிறனுக்கு வந்த துன்பத்தை அவன் வினையென்று கூறி, அதனால் தான் உதவாதொழிதல் கொடுமை. கோட்பாடு ஒன்றே, அது நோக்குந் திசை மாறின் மருந்து நஞ்சாகின்றது.

இனி, மெய்யடியார் அழார் என்பாரை நோக்குவாம் எனின், அவர் முதற்கண் காட்டுவது சிறுத்தொண்டர் வரலாறு. திருச்செங்காட்டங்குடியில் அப்பெரியார் தம் அருமை மகனையே வயிரவக் கோலத்துடன் வந்த அடியார்க்கு அமுதாக்கினரே, அவர் அழுதனரோ என்பர். எல்லைகடந்த அன்பால் ஓரடியார் செய்த வன்றொண்டு உலகிற்கு விதியாகாது. விதியாயின் மகனை அரிதலும் விதியாதல் வேண்டும். அதனை இவர் உடன்படார். அன்றியும் அவ்வரலாற்றின் முடிவைக் காண்க. உண்ண அமர்ந்த வயிரவர் உண்டு எழுந்து போயினாரல்லர். மகனை அழைத்தாலன்றி உண்ணேமென்றார். தந்தையும் தாயும் வாயிலிற் சென்று நின்று மகனைப் பெயர்சொல்லி அழைக்குமாறு பணித்தார். சீராளன் பள்ளியினின்று வருவான்போல ஓடிவந்தான். பெற்றோர் நெஞ்சில் அடைத்துவைத்த அழைப்பை வெளியே வருவித்தவன் இறைவன். அதனைத் திரும்ப அடைக்கப் புகுந்தோர் இவர்.

அப்பூதியடிகளையும் காட்டுவர். திங்களூரில், நாவரசர்க்கு அமுது படைக்க வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகன் அரவு தீண்டி இறப்ப, அடியவர் அமுதுசெய்தல் தடைப்படுமென்று பெற்றோர் அவ்வுடலை மறைத்துவைத்தனர். அது பெற்றோர் திறம். நாவரசர் திறம் யாது? திருநீறு அளிக்க மகனைக் காணாது, உள்ளந் தடுமாறி, உண்மையுரைக்குமாறு வினவினார், அறிந்த பின்னர், இறந்தது இறந்தது, இலையை இடுக என்று கூறினாரல்லர், உண்ணாது எழுந்தார், உடலைக் கோயிலின் முன்னர்க் கொணரச் செய்து பதிகம் பாடினார். மறைத்த துயரத்தைத் தேடிச் சென்று கண்டவர் அவர். இக்காலத்துப் போலிகளோ வெளிப்பட்ட துயரத்தையும் மறைத்துவைக்கக் கட்டளையிடுகின்றனர்.

மயிலாப்பூர்ச் சிவநேசர் வரலாறு இதனினும் தெளிவுடையது. தம் அருமை மகள் பூம்பாவை மலர்கொய்யச் சென்றவிடத்துப் பாம்பு தீண்ட, விடந்தீர்ப்பார்க்குத் தம் செல்வமெல்லாந் தருவதாகப் பறையறைவித்தார். தீராதாக, எரியிட்டபின் எலும்பையும் சாம்பலையும் குடத்திற் சேர்த்துக் கன்னிமாடத்தில் வைத்து, மலரும் சாந்தும் அணியும் பட்டுமாக மகளுக்குச் செய்வனவெல்லாம் அக்குடத்திற்குச் செய்துவந்தார். இன்று ஒரு தந்தை இவ்வாறு செய்வானாயின் இவர்கள் என்ன கூறுவர்? பித்தென்பர், பாசமென்பர், ஆன்மா வேறு உடம்பு வேறு என்று சூத்திரம் ஒப்பிப்பர். முத்தமிழ் விரகராகிய ஞானசம்பந்தப் பிள்ளையார்க்கு இவர்கள் அறிந்த தத்துவம் தெரியாதோ? அவர் சிவநேசரைக் கடிந்தாரல்லர். குடத்தை எறிகவென்றாரல்லர். அதனைத் திருக்கபாலீச்சரத்தின் புறத்தே கொணர்வித்தார். இரண்டாந் திருமுறையிலுள்ள அப்பதிகத்தைப் பயில்வார் அறிவர்: அதில் வினைபற்றிய விரிவுரை இல்லை, நிலையாமை பற்றிய அச்சுறுத்தல் இல்லை. ஓணவிழா, கார்த்திகை விளக்கீடு, ஆதிரை நாள், பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று திருமயிலையின் விழாக்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கூறி, இவற்றைக் காணாது போவாயோ என்று அக்குழந்தையைப் பாட்டுத்தோறும் பெயர்சொல்லி விளிக்கின்றார். இறந்த குழவியின் பெயரை எடுத்தலே கூடாதென்று வீட்டிலுள்ளாரைத் தடுப்பார், பிள்ளையார் அப்பெயரைப் பாட்டுத்தோறும் விளித்ததன் குறிப்பை எண்ணுவாராக.

அவிநாசியில் நிகழ்ந்ததோ இவர்தம் வாயை முற்றும் அடைப்பது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்புக்கொளியூர்த் தெருவிற் செல்லுங்கால், ஒரு வீட்டில் மங்கலவொலியும் எதிர்வீட்டில் அழுகையொலியும் கேட்டார். மடுவிற் குளித்த ஐந்தாண்டுச் சிறுவர் இருவருள் ஒருவனை முதலை விழுங்கிற்றென்றும், தப்பியவனுக்கு முந்நூற் கலியாணம் நடக்கின்றதென்றும் அறிந்தார். இழந்த பெற்றோர் அவரைக் கண்டவளவில் துயரை மறைத்து முகமலர்ந்து வணங்கினர். போலியாயின் அம்மலர்ச்சியை மெச்சி, "இதுவன்றோ பக்குவம்" என்று கூறிக் கோயிலுக்குச் சென்றிருப்பார். வன்றொண்டர் செய்தது யாது? அம்மகனை மீட்டுக் கொடுத்த பின்னரே அவிநாசியப்பனைப் பணிவதென்று துணிந்து, மடு இருக்குமிடத்தை வினவிச் சென்றார். முன்னர்த் துக்க வீடு, பின்னர்த் திருக்கோயில். தம்பிரான் தோழர் வகுத்த முறை இது.

அற்றேல், அவரெல்லாம் மாண்ட மக்களை எழுப்பித் தந்தனர். ஏனையோர்க்கு அது கூடுமோ? கூடாததைக் காட்டித் துயருற்றாரை ஏங்கச் செய்தல் இன்னுங் கொடிதன்றோ எனின், இது தக்க வினாவே. அற்புதம் திருவருளின் செயல். அதற்கு யாரும் உறுதிகூற இயலாது. கூறி மயக்குவோர் வஞ்சகர். ஆயின் அற்புதத்திற்கு முன்னர் அருளாளர் செய்தவற்றைக் காண்க. அழுகையைக் கேட்டு நின்றார்; காரணம் வினவினார்; உண்ணாது எழுந்தார்; உடலிருக்கும் இடத்திற்கு உடன்சென்றார்; பெயர்சொல்லி அழைத்தார். இவற்றுள் மக்களாற் செய்யலாகாதது யாது? செய்யவியலாத ஒன்றைக் காரணங்காட்டிச் செய்யவியலும் ஐந்தையும் கைவிடுதல் நெறியாகாது.

பௌத்த காப்பியமாகிய மணிமேகலையிலும் ஒரு தாய் வருகின்றாள். சுடுகாட்டுக் கோட்டத்தில் மகன் சார்ங்கலனை இழந்த கோதமை, கண்ணிழந்த கணவனைக் காப்பான் இவனேயாதலின் தன் உயிரைக் கொண்டு மகனுயிரைத் தருக என்று சம்பாபதியை வேண்டுகின்றாள். வினைவழிப் போன உயிர் மீளாது என்பதே ஆண்டும் விடை. எனினும் அத்தெய்வம் அச்சொல்லை எறிந்துவிட்டுப் போகவில்லை; தாய் ஐயுற்று வினவியவற்றிற்கெல்லாம் மறுமொழி தந்து, சக்கரவாளத்துத் தேவரையெல்லாம் அவள் கண்முன் வருவித்து, அவள் தானே கேட்டறியச் செய்தது. சைவர் மறுத்த சமயத்தின் காப்பியத்திற்கூட ஒரு தாயின் கண்ணீர்க்கு இத்துணை மதிப்பிருக்க, அன்பையே சிவமாகக் கண்ட நெறியில் நிற்பதாகக் கூறுவார்க்கு அம்மதிப்பும் இல்லையெனின் நாணத்தக்கதே.

மூன்றாங் கூற்றே ஊருக்குப் பெருங்கேடு விளைப்பது. ஊழால் நேர்ந்தது, யாரையும் வினவற்க என்பர். சேக்கிழார் தம் நூலின் தோற்றுவாயிலேயே இதற்கு விடை வைத்தார். திருவாரூரில் அரசிளங்குமரனது தேர்க்காலில் ஓர் ஆன்கன்று மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுவேந்தன், "கன்று தன் வினையால் மடிந்தது, பசு தன் வினையால் வருந்துகின்றது, மணியை விட்டகல்க" என்று தீர்ப்பளித்தானோ? கழுவாய் செய்து தீர்த்துக்கொள்ளலாமென்ற அமைச்சர் சொல்லையும் தள்ளி, அத்தாய் உற்ற துயரைத் தானும் உறுவதே முறையென்று துணிந்தான். வினைக்கொள்கை வினாவை அடக்கும் பூட்டாயின் மனுநீதி கண்டான் சைவனாகான்; சேக்கிழார் பாடிய நூலும் சைவநூலாகாது.

நூல்வழியும் இதுவே. ஓருயிரின் பிராரத்தம் மற்றொருவன் வாயிலாக வருமாயினும், அவ்வாயிலாக நின்றவன் தன் செயலுக்கு ஆகாமியம் ஈட்டிக்கொள்கின்றான். வினையுண்மை குற்றமுடையானை விடுவிப்பதில்லை, கட்டுவிக்கின்றது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 குழந்தைகள் தீக்கிரையாயினர். சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரையிற் பற்றியது. பிள்ளைகள் தப்பி வெளியேறப் போதிய வழியில்லை. கூரை வேய்ந்ததும் குறுகிய கட்டடத்தில் பிள்ளைகளை நெருக்கியதும் மாந்தர் செயல். அப்பெற்றோர் பத்தாண்டு காத்திருந்து 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பைக் கேட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் விளக்கேற்றி மலரிட்டு மக்களின் பெயரை நினைக்கின்றனர். அவர் நீதிகேட்டது வினையறியாமையாலா? அன்று. திருவாரூர்ப் பசு மணியை அசைத்த அதே முறையால். எந்திரத்திற்குக் காப்பு இருந்ததா, இரவு முறைக்குப் பின் ஓய்வு இருந்ததா, சாலையில் விளக்கு இருந்ததா என்று ஒரகடத்துத் தந்தை ஒருவன் வினவுவானாயின், அவன் ஊழை மறுப்பவனல்லன், மணிக்கயிற்றைப் பற்றியவன். அவன் கையை விலக்குவார் வினைக்கோட்பாட்டைக் குற்றவாளியின் வாயிற்காவலாக நிறுத்துகின்றனர்.

ஆகலின் சைவர் இனிச் செய்யத்தக்கன தெளிவுடையன. பிணவண்டி வருமுன் அவ்வீட்டிற்குச் செல்லுக. அடுப்பு மூட்டாத வீட்டிற்குச் சோறு கொண்டு செல்லுக. சொல் இல்லாவிடத்துச் சும்மா இருக்குக. சஞ்சயனம் முதல் பதினாறாம் நாள் ஈறான கடன்களுக்குத் துணைநிற்க. அவை முடிந்ததும் உறவினர் கலைவராதலின், பதினேழாம் நாளே செல்லத்தக்க நாளென்று அறிக. தாய் விரும்பின் பூம்பாவைப் பதிகத்தை உடனிருந்து ஓதுக. ஓதுதற்கு மனமில்லையெனின் வற்புறுத்தற்க. மகவின் பெயரை அவள் எடுக்கும்பொழுது பேச்சை மாற்றற்க. துயரம் பல திங்கள் கடந்தும் உண்ணவும் உறங்கவும் ஒட்டாது வாட்டுமாயின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுக. உலக நலவாழ்வு நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப்பகுப்பில் நீடித்த இரங்கலும் மருத்துவம் வேண்டும் ஒரு நிலையாகக் கொள்ளப்பட்டுள்ளது. சிவநேசர் விடந்தீர்க்க மருத்துவரை அழைத்தது பத்திக் குறையன்றெனின் இதுவும் குறையன்று.

"என் வினை" என்று அத்தாய் என்றேனும் தானே கூறுவாளாயின், அப்பொழுதும் ஆமென்று தலையசைத்தல் சைவர்க்கு அழகன்று. அவள் கணக்கை அறிந்தவன் ஒருவன் உளன். அவன் தாயினும் இனியவன் என்று மட்டும் கூறுக. வினையென்னுஞ் சொல் தன் நெஞ்சை நோக்கிச் சொல்லுதற்கு உரியது. துயருற்றாரை நோக்கிச் செல்லுதற்கு அன்பு ஒன்றே உரியது. குன்றத்தூர்ப் பெருமான் பாடிய நூலைப் பூசனையறையில் வைத்து மலரிட்டு, அதன் அண்மையில் அழும் ஒலி கேட்டுஞ் செவிசாய்க்காதார், நூலை வழிபட்டாராவரேயன்றி நூற்பொருளை வழிபட்டாராகார்.

திருச்சிற்றம்பலம்.